ஆவணப்படம்: நல்கை யாருக்கு, வழக்கு யாருக்கு?

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த மராட்டிய இராணுவ நிலவமைப்பின் 12 கோட்டைகளுள், தமிழ்நாட்டில் உள்ளது செஞ்சிக் கோட்டை மட்டுமே. அதன் மதில்களைப் பதிவுசெய்பவர் மீது எவரும் வழக்குத் தொடுப்பதில்லை. அதே கேமரா சேரித் தெருவுக்கும் மலக்குழிக்கும் திரும்பும்போது நிலைமை மாறுகிறது. செஞ்சி வட்டாரத்தில் கைப்பேசியில் படமெடுக்கத் தொடங்கியுள்ள நம் இளைஞர்கள், நல்கை, விருது ஆகியவற்றின் இயக்கத்தையும் அவற்றோடு பிணைந்த சட்டத்தையும் சேர்த்தே அறிந்திருத்தல் வேண்டும்.

ஏணியின் படிகள்

ஆவணப்பட இயக்குநரின் வாழ்க்கை பெரும்பாலும் ஒரே வரிசையில் நகர்கிறது: சிறு நல்கை, படம், திரைப்பட விழா, விருது, ஆய்வு நல்கை, மீண்டும் பெரிய நல்கை. முன்னைய படியில் நின்றவரையே அடுத்த படி அழைக்கிறது. பெங்களூருவில் 1993இல் நிறுவப்பட்ட இந்தியக் கலைகள் அறக்கட்டளை, இந்திய மொழிகளிலும் விண்ணப்பங்களை ஏற்கிறது. வெளிநாட்டு நிதியங்களோ பெரும்பாலும் ஆங்கில முன்மொழிவையும் முன்னோட்டக் காணொளியையும் எதிர்பார்க்கின்றன. முதல் தலைமுறைப் பட்டதாரி ஒருவர் திறமைக் குறைவால் அன்றி, இந்த முதற்படிக்கான பணமும் தொடர்பும் இல்லாமலேயே வெளியே நிற்கிறார்.

இரு படங்கள், இரு நிலைகள்

பிராமணப் பெண் ஒருவர் ஆதிதிராவிடர் எனப் பொய்ச் சான்றிதழ் பெற்று ஐ.ஏ.எஸ். அதிகாரியாவதைக் கதையாகக் கொண்டது 'ஒரே ஒரு கிராமத்திலே' என்னும் கதைப்படம். சாதிவழி இடஒதுக்கீட்டை விமர்சித்த அப்படத்துக்குத் தேசிய விருது கிடைத்தது. சென்னை உயர் நீதிமன்றம் ரத்துசெய்த அதன் தணிக்கைச் சான்றிதழை, 1989ஆம் ஆண்டு எஸ்.ரங்கராஜன் எதிர் பி.ஜகஜீவன் ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் மீட்டளித்தது. போராட்டம் நடக்கும், வன்முறை வரும் என்ற மிரட்டலுக்காகக் கருத்துரிமையை ஒடுக்கலாகாது. அதைக் காப்பது அரசின் கடமை என்பது அத்தீர்ப்பின் சாரம். அப்படத்தின் கருத்தை நாம் ஏற்கவில்லை. ஆயினும் அத்தீர்ப்பு நமக்கும் உரிய பாதுகாப்பு.

அந்தப் பாதுகாப்பு 2017இல் திவ்யபாரதிக்குக் கிட்டியதா? கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்யும் சட்டம் 2013இலேயே வந்துவிட்டது. அதன் பின்னும் தமிழகத்தில் அத்தொழிலும் மலக்குழி மரணங்களும் தொடர்வதை அவருடைய 'கக்கூஸ்' சாட்சியங்களோடு பதிவுசெய்தது. அப்படத்தின் திரையிடலுக்குக் காவல்துறை தடை போட்டது. படம் யூடியூபில் வெளியானது. 2009ஆம் ஆண்டு மாணவர் போராட்டம் தொடர்பான பழைய வழக்கில் அவர் 2017 ஜூலையில் கைதானார். பின்னர் படத்துக்காகவே, சமூகங்களுக்கிடையே பகைமை வளர்த்ததாகக் கூறும் 153ஏ உள்ளிட்ட பிரிவுகளில் முதல் தகவல் அறிக்கை பதிவானது. சட்டமீறலைக் காட்டியவரே குற்றம் சாட்டப்பட்டவரானார்.

யாருடைய கதை, யாருடைய ஒப்புதல்?

விருது கிடைத்துவிட்டால் கேள்வி முடிந்துவிடுவதில்லை. உத்தரப் பிரதேசத்தில் தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் 'கபர் லஹரியா' செய்தி நிறுவனத்தைப் பற்றிய 'ரைட்டிங் வித் ஃபயர்' 2021இல் சன்டான்ஸ் விழாவில் விருதுகளை வென்று, 2022இல் ஆஸ்கர் பரிந்துரை வரை சென்றது. விருது விழாவுக்குச் சில நாள்கள் முன்பு, ஒரு கட்சியைப் பற்றியே செய்தி சேகரிப்பவர்களாகத் தங்களைக் காட்டியது சரியன்று என அந்நிறுவனமே பொதுவெளியில் அறிவித்தது. படத்தின் வலிமையை அவர்கள் மறுக்கவில்லை; தங்கள் கதையின் முழுமையைக் கோரினர்.

இதற்கு மாற்றான முயற்சிகளும் உண்டு. ஜோதி நிஷா, அம்பேத்கரைக் குறித்த தம் ஆவணப்படத்துக்கு மக்களிடம் நிதி திரட்டினார், பா.ரஞ்சித்தின் நீலம் புரொடக்ஷன்ஸ் பின்னர் கைகொடுத்தது. அவருடைய 'வெகுஜன் பார்வையாளர்' என்னும் கருத்தாக்கம், திரையில் நாம் காட்டப்படும் விதத்தை நாமே மதிப்பிடும் உரிமையைப் பேசுகிறது.

நம் கோரிக்கைகள்

ஒன்று, நல்கை வழங்கும் குழுக்களில் தலித் கலைஞர்கள் முடிவெடுக்கும் இடத்தில் இருக்க வேண்டும். இரண்டு, நல்கைத் தொகையில் சட்டப் பாதுகாப்புச் செலவுக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும். ஒளிப்பதிவுக்குப் பணம் தந்துவிட்டுப் பிணை மனுவுக்கு இயக்குநரைத் தனியே விடுவது அறமன்று. மூன்று, படமாக்கப்படும் மக்கள் இறுதி வடிவத்தைப் பார்த்துக் கருத்துரைக்கும் உரிமை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும்.

படமெடுக்கும் தோழர்களுக்கு: ஒப்புதலை எழுத்தில் பெறுங்கள். மூலப் பதிவுகளை அழிக்காமல் இரண்டு இடங்களில் வையுங்கள். அவை நீதிமன்றத்தில் சான்றாகலாம். பொதுத் திரையிடலுக்கு 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தின்படி சான்றிதழ் தேவை என்பதை மறவாதீர்கள். அழைப்பாணை வந்தால் காவல்நிலையத்துக்குத் தனியே செல்லாதீர்கள், வழக்கறிஞருடன் செல்லுங்கள்.