இங்கிலீஷ்ல மட்டும் பெயில்

2021 ஆகஸ்ட் மாசம். ஹரியானாவில் சிர்சாங்கற ஊர்ல ஒரு பள்ளிக்கூடத்துக்கு பத்தாங்கிளாஸ் இங்கிலீஷ் பரீட்சை எழுத ஒரு பெரியவர் வந்தார். வயசு 86. பேரு ஓம் பிரகாஷ் சௌதாலா. ஆமாங்க, அந்த முன்னாள் முதலமைச்சரேதான்.

ஆசிரியர் நியமன ஊழல் வழக்கில் 2013-ல் தண்டனை பெற்று திகார் ஜெயிலில் இருந்தவர், அந்த வருஷங்களில்தான் விட்ட படிப்பைக் கையில் எடுத்தார். 2017-ல் தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலம் பத்தாவது முடித்தார். ஆனா அதுல இங்கிலீஷ் எழுதலை. பின்னாடி ஹரியானா வாரியத்தில் பன்னிரண்டாவது எழுதினப்போ, "பத்தாவது இங்கிலீஷ் எங்கேய்யா?"ன்னு ரிசல்ட்டை நிறுத்தி வெச்சுட்டாங்க. கையில் எலும்பு முறிவு வேற. அவர் சொல்லச் சொல்ல இன்னொருத்தர் எழுதினார். மார்க்? நூத்துக்கு 88! அவர் 2024 டிசம்பரில் காலமானார்.

ஆசிரியர் வேலை ஊழல்ல உள்ள போனவர் பரீட்சை எழுதினதை வெச்சு ஜோக்கடிக்கலாம், நிறைய பேர் அடிச்சாங்க. எனக்கு வேற ஒரு விஷயம் உறைச்சுது. அவர் திரும்ப எழுதினது ஒரே ஒரு பேப்பர். பாஸான மத்த பாடமெல்லாம் அப்படியே இருந்தது. இந்த வசதி நம்ம ஊர்ல எப்பவும் எல்லாருக்கும் இருந்ததில்லை மக்களே. கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்ப்போம்.

சென்னைப் பல்கலைக்கழகம் ஆரம்பிச்சது 1857. உள்ளே நுழைய மெட்ரிகுலேஷன், அதைத் தாண்டினா எஃப்.ஏ., அப்புறம் பி.ஏ. எல்லாத்துலயும் இங்கிலீஷ் உண்டு. ஒரு பாடத்துல விழுந்தா மொத்தமும் பெயில். என்னை மாதிரி பொட்டி தட்டறவங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, ஒரு மாட்யூல் ஊத்திக்கிட்டா முழு பில்டும் அவுட்.

இதுல மாட்டினவர்களில் பெரிய ஆள் நம்ம ராமானுஜன். 1904-ல் உதவித்தொகையோட கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். ராத்திரி பகலா கணக்கு. இங்கிலீஷ் கட்டுரைத் தாளில் தேறலை, உதவித்தொகை போச்சு. மனசு வெறுத்து விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். 1906-ல் சென்னை வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எஃப்.ஏ. எழுதினார், பெயில். 1907-ல் திரும்ப எழுதினார், அதுவும் பெயில். இந்தத் தடவைகளில் காலை வாரின பாடங்களில் உடலியலும் ஒண்ணு. கணக்குல எவ்வளவு வாங்கினாலும் அதை வெச்சு மத்ததைச் சரிக்கட்ட முடியாது. பட்டம் இல்லை, அதனால வேலையும் இல்லை. 1912-ல் துறைமுகத்தில் மாசம் 30 ரூபாய்க்கு குமாஸ்தா ஆனார். அதுக்கப்புறம் கேம்பிரிட்ஜுக்கு எழுதின கடிதம், ஹார்டி, 1918-ல் எஃப்.ஆர்.எஸ். எல்லாம் உங்களுக்கே தெரியும்.

ஹார்டி அந்தக் கடிதத்தைக் குப்பையில போட்டிருந்தா? இந்தக் கேள்வியைக் கேட்காம ராமானுஜன் கதையை என்னால முடிக்க முடியறதில்லை.

அடுத்தவர் கேஸ் இன்னும் வேடிக்கை. ஆர்.கே. நாராயண். சென்னை புரசைவாக்கத்தில் வளர்ந்தவர். அப்பா மைசூரில் தலைமை ஆசிரியர். பையன் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் பெயில். எதில்? சாட்சாத் இங்கிலீஷில்! ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்து இஷ்டத்துக்குப் படிச்சார், எழுதினார். 1926-ல் தேறினார். 1935-ல் முதல் நாவல் 'சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்'. 1960-ல் 'தி கைடு' நாவலுக்கு சாகித்ய அகாதமி விருது. இங்கிலீஷ் எழுத்துக்கு அந்த விருது கிடைச்சது அதுதான் முதல் தடவை.

ரெண்டு பேரையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. நாராயணுக்கு வீட்டில் சோறு இருந்தது, புத்தகம் இருந்தது, ஒரு வருஷம் சும்மா உட்கார முடிஞ்சது. ராமானுஜன் அப்பா துணிக்கடை குமாஸ்தா. ரெண்டாவது தடவை எழுதறதுங்கறது மூளை விஷயம் மட்டும் இல்லை, வீட்டு அரிசிப்பானை விஷயம்.

இதுக்கு பீகார் கண்டுபிடிச்ச வழி தடாலடி. 1967-ல் அங்கே துணை முதல்வராவும் கல்வி அமைச்சராவும் இருந்த கர்ப்பூரி தாக்கூர், மெட்ரிக் தேற இங்கிலீஷில் பாஸ் பண்ணியே ஆகணும்கற கட்டாயத்தை எடுத்துட்டார். கிராமத்துப் பிள்ளைகள் பலர் உள்ளே வந்தாங்க. அப்படித் தேறினவங்களை 'கர்ப்பூரி டிவிஷன்'னு நக்கல் பண்ணினவங்களும் உண்டு. 2024-ல் அவருக்கு பாரத ரத்னா கொடுத்தாங்க, காலம் கடந்து.

தமிழ்நாடு வேற ரூட். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம், 1968-ல் இருமொழிக் கொள்கை. இங்கிலீஷ் வாசல் அப்படியே நின்னது, ஆனா பக்கத்துல ஒரு சின்னக் கதவு திறந்து இருந்தது. பேரு 'தனித்தேர்வர்'. பெயிலான பாடத்தை மட்டும் எழுதலாம். வயசு ஒரு தடை இல்லை, எத்தனை தடவை வேணும்னாலும் எழுதலாம். அப்பல்லாம் செப்டம்பர்-அக்டோபர் வந்தா, மீசை முளைக்காத பையனுக்குப் பக்கத்துல மூணு பிள்ளை பெத்தவரும் உட்கார்ந்து அதே 'ஆக்டிவ் வாய்ஸ், பாசிவ் வாய்ஸ்' எழுதிட்டு இருந்தார். அப்போ இங்கிலீஷ் ரெண்டு பேப்பர், சராசரி 35 வந்தா போதும்னு இருந்தது.

எங்க சித்தப்பா அப்படித் தேறினவர். ஒரு அரசு அலுவலகத்தில் உதவியாளர், அதாவது பியூன். பத்தாவது தேறினாத்தான் இளநிலை உதவியாளர் நாற்காலி. பாக்கி இருந்தது இங்கிலீஷ் மட்டும். சைக்கிள்ல போகும்போது லெட்டர் ரைட்டிங்கை மந்திரம் மாதிரி சொல்லிக்கிட்டே போவார். மூணாவது தடவை தேறினப்போ அவருக்கு வயசு 39, மார்க் 37. சித்தி கடைசி வரைக்கும் "வயசை விட ரெண்டு மார்க் கம்மி"ன்னு கிண்டல் பண்ணிட்டு இருந்தாங்க. ஆனா என் தங்கச்சி, அதான் அவர் பொண்ணு, நர்சிங் படிச்சது அந்த 37 மார்க் கொண்டுவந்த சம்பளத்துல.

இப்ப நான் சொல்ல வந்ததுக்கு வரேன். எங்க தொழிலில் ஆள் எடுக்கும்போது 'எல்லாப் பரீட்சையும் ஒரே அட்டெம்ப்ட்'னு ஒரு வடிகட்டி போடற வழக்கம் இருக்கு. ரெண்டு மார்க் ஷீட் வெச்சிருக்கறவன் பயோடேட்டா மேசைக்கே வராது. நூறு வருஷத்துக்கு முன்னாடி ராமானுஜனை வெளியே நிறுத்தின அதே விதி, இப்போ எக்செல் ஃபில்டரா வந்து நிக்குது.

ஒரு பாடத்தை மூணு தடவை எழுதினவனுக்கு இங்கிலீஷ் வருமான்னு எனக்குத் தெரியாது. ஆனா, விடமாட்டான்னு தெரியும். எங்க டீம்ல ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்துக்கிட்டா, எனக்குப் பக்கத்துல வேண்டியது அந்த மாதிரி ஆள்தான்.

டிஸ்கி: உங்க வீட்டிலயும் ஒரு அக்டோபர் மார்க் ஷீட் பீரோவுக்குள்ள இருக்கும். யாரோடதுன்னு கேட்டுப் பாருங்க. கதை இருக்கும் :-)