தட்டிக்கொடுத்த கைகள்

தமிழில் குழந்தை எழுத்தாளர்களுக்குக் கிடைத்த ஊக்கத்தின் வரலாற்றில் சென்னை ‘சக்தி’ இதழின் அலுவலகத்துக்குத் தனி இடம் உண்டு. புதுக்கோட்டைச் சீமையின் இராயவரத்தில் 1922-இல் பிறந்த அழ. வள்ளியப்பா, 1940-இல் அந்த அலுவலகத்தில் காசாளராகச் சேர்ந்தார். இதழை நடத்திய வை. கோவிந்தனும் அதே ஊர்க்காரர், ஆசிரியர் தி. ஜ. ரங்கநாதன். பணக்கணக்குப் பார்க்க வந்த இளைஞரைக் கதை எழுதத் தூண்டியவர் தி.ஜ.ர. அப்படிப் பிறந்த முதல் கதை ‘ஆளுக்குப் பாதி’. பிறகு இந்தியன் வங்கி வேலைக்குப் போனாலும் வள்ளியப்பா எழுத்தை விடவில்லை. 1944-இல் 23 பாடல்களோடு ‘மலரும் உள்ளம்’ வெளிவந்தது.

தமக்குக் கிடைத்த ஆதரவு மற்றவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று அவர் பாடுபட்டதன் பயன்தான் 1950-இல் உருவான குழந்தை எழுத்தாளர் சங்கம். கோவிந்தனே அதன் முதல் தலைவர். சங்கம் மாநாடு கூட்டியது, போட்டி நடத்தியது, பரிசு கொடுத்தது. ஆங்காங்கே தனித்தனியாக எழுதிக்கொண்டிருந்தவர்களின் விவரங்களைத் திரட்டி நூலாகவும் வெளியிட்டது. பரிசுத் தொகையைவிட இதையே பெரிய தொண்டாகக் கொள்ள வேண்டும். தம்மைப் போல் இன்னும் பலர் எழுதுகிறார்கள் என்று தெரிவதே எழுதுகிறவருக்குப் பெரும் தெம்பு.

படக்கதைப் புத்தகத்துக்கு இந்தத் தெம்பு மட்டும் போதாது. பக்கத்துக்குப் பக்கம் வண்ணப்படம் வேண்டும். குறைந்த படிகள் அச்சிட்டால் விலை கட்டாது. கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1957-இல் தில்லியில் தொடங்கிய சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட், சொந்த அச்சகம் வைத்துக்கொண்டு இந்தச் சிக்கலை எதிர்கொண்டது; 1978-இல் எழுத்தாளர்களுக்குப் போட்டியும் நடத்தத் தொடங்கியது. அதே 1957-இல் அமைந்த நேஷனல் புக் டிரஸ்ட், பின்னர் ‘நேரு பால புஸ்தகாலயா’ வரிசையில் ஒரே புத்தகத்தைப் பல இந்திய மொழிகளில் கொண்டுவந்தது. படங்கள் எல்லா மொழிக்கும் பொது. மாறுவது கறுப்பு மையில் அச்சாகும் எழுத்து மட்டும். பல மொழிகளுக்கும் வண்ணத்தைச் சேர்த்து அச்சிட்டால் செலவு பங்காகிவிடும். சென்னையில் 1996-இல் தொடங்கிய தூலிகா பதிப்பகம் தமிழ் உள்ளிட்ட ஒன்பது மொழிகளில் படக்கதைகளை வெளியிட முடிந்ததற்கும் இந்த முறை கைகொடுத்தது. நாலு வரி எழுதினாலும் அது புத்தகமாகும் என்ற நம்பிக்கை தமிழ் எழுத்தாளருக்கு இப்படித்தான் வந்தது.

விருதும் ஓர் ஊக்கம்தான். சாகித்திய அகாதெமி 2010-இல் குழந்தை இலக்கியத்துக்கான பால சாகித்திய புரஸ்காரத்தை ஏற்படுத்தியது. தமிழில் அதை முதலில் பெற்றவர் ‘அந்தோணியின் ஆட்டுக்குட்டி’ எழுதிய மா. கமலவேலன். இந்த விருது எழுத்தாளருக்கு உரியது. படக்கதையிலோ பாதிக் கதையைச் சொல்பவர் ஓவியர். விருது தருகிற அமைப்புகள் அவரையும் எழுத்தாளரோடு சேர்த்து மேடையேற்ற வேண்டும்.