பெருங்குடல் புற்றும் கட்டியடக்கிப் புரதங்களும்

கட்டியடக்கிப் புரதங்கள்: உயிரணுக்கள் வரம்பு மீறிப் பெருகாமலும், பெருகியவை இடம்விட்டு இடம் பரவாமலும் தடுக்கும் புரதங்களின் பொதுப்பெயர். இவை பழுதாவதால் வரும் நோய்களுள் மிகத் தெளிவாக ஆராயப்பட்டது பெருங்குடல், மலக்குடல் புற்று. காரணம் எளியது. குடலின் உட்சுவரில் பாலிப் என்னும் சிறு முளையாகத் தொடங்கி, பல ஆண்டுகள் கழித்தே இது புற்றாக முதிர்கிறது. ஒவ்வொரு நிலையிலும் திசுவை எடுத்துப் பார்க்க முடிகிறது. கணையத்தில் இந்த வசதி கிடையாது.

முன்வரலாறு

1969இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஹென்றி ஹாரிஸ், எலியின் புற்றணுவை இயல்பான அணுவோடு இணைத்தார். கிடைத்த கலப்பணு புற்றாக வளரவில்லை. ஏதோ ஒன்று கூடுவதால் மட்டுமல்ல, ஏதோ ஒன்று இல்லாமற்போவதாலும் புற்று வரும் என்ற எண்ணம் இதிலிருந்து வலுப்பெற்றது. 1971இல் அமெரிக்க மருத்துவர் ஆல்ஃபிரெட் நூட்சன், விழித்திரைப் புற்று கண்ட 48 பேரின் விவரங்களை ஆராய்ந்தார். தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என ஒரு மரபணுவுக்குள்ள இரு படிகளும் கெட்டால்தான் இந்நோய் வரும் என்பது அவர் கணிப்பு. ஒரு படி பழுதாகவே பிறப்பவருக்கு மற்றொன்று கெட்டாலே போதும். அதனால்தான் பரம்பரை நோய் இளவயதில் தாக்குகிறது.

குடலைப் பொறுத்தவரை தடயம் தற்செயலாகக் கிடைத்தது. 1986இல், குடல் முழுதும் பாலிப் நிறைந்த ஒரு நோயாளிக்கு ஐந்தாம் குரோமோசோமில் ஒரு துண்டு குறைந்திருப்பதை அமெரிக்காவில் கண்டார்கள். மறு ஆண்டே லண்டனில் வால்டர் பாட்மர் குழுவினர், இந்நோயுள்ள குடும்பங்களை ஆராய்ந்து அதே இடத்தைச் சுட்டினர். 1991இல் இரு குழுக்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அங்கிருந்து ஏபிசி என்னும் மரபணுவைப் பிரித்தெடுத்தன. அது உண்டாக்கும் புரதம் 2843 அமினோ அமிலங்கள் கொண்ட பெரும் புரதம். பரம்பரையாக வராத பெருங்குடல் புற்றுகளிலும் ஏறத்தாழ பத்தில் எட்டில் ஏபிசி பழுதாகியிருக்கிறது.

பி53 என்னும் மற்றொரு கட்டியடக்கிப் புரதத்தின் கதை இன்னும் விசித்திரமானது. 1979இல் அறியப்பட்ட இப்புரதத்தைப் பத்தாண்டு காலம் புற்றை உண்டாக்கும் புரதம் என்றே எண்ணியிருந்தார்கள். ஆய்வகங்களில் புழங்கியவை பழுதான படிகள் என்பது பின்னரே தெரிந்தது. 1989இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பெர்ட் வோகல்ஸ்டைன் குழு பெருங்குடல் கட்டிகளை ஆராய்ந்தபோதுதான் அது காவல் புரதம் என்ற உண்மை வெளிப்பட்டது.

பதினெட்டாம் குரோமோசோமில் ஒரு துண்டு அடிக்கடி தொலைவதைக் கண்டு, 1990இல் டிசிசி என்ற மரபணுவை முன்வைத்தார்கள். அது வளரும் நரம்பிழைகளுக்கு வழிகாட்டும் புரதத்துக்குரியது. 1996இல் அதே பகுதியில் ஸ்மாட்4 என்ற மரபணு கிடைத்தபின், அங்கு முதன்மையானதாகப் பெரிதும் கருதப்படுவது ஸ்மாட்4தான்.

வகைப்பாடு

1997இல் கின்ஸ்லர், வோகல்ஸ்டைன் இருவரும் இவற்றை வாயிற்காவலர், பராமரிப்பாளர் என இரண்டாகப் பிரித்தனர். அணுப்பெருக்கத்தை நேரே தடுக்கும் ஏபிசி வாயிற்காவலர். மரபுப்பொருள் நகலாகும்போது விழும் எழுத்துப்பிழைகளைத் திருத்தும் எம்எல்எச்1, எம்எஸ்எச்2 போன்றவை பராமரிப்பாளர். இவை பரம்பரையாகக் கெடுவதே லிஞ்ச் நோய்த்தொகுதி. மறு ஆண்டு, அணுவைச் சூழ்ந்த திசு வழியாகச் செயல்படும் மூன்றாம் வகையையும் சேர்த்தார்கள். கட்டி உண்டாவதைத் தடுக்காமல் பரவலை மட்டும் தடுக்கும் புரதங்கள் தனி இனம். 1988இல் பேட்ரிஷியா ஸ்டீக் கண்ட என்எம்23 அவற்றுள் மூத்தது.

பரவலைத் தடுக்கும் முறை

குடலின் உட்படலம் நான்கைந்து நாளுக்கொரு முறை புதுப்பிக்கப்படுகிறது. அணுக்களைப் பெருகத் தூண்டும் பீட்டா கேட்டெனின் அங்கே ஓயாமல் உற்பத்தியாகும். ஏபிசி உள்ளிட்ட புரதக் கூட்டம் மிகுதியை ஓயாமல் அழிக்கும். கல்லணைக் கால்வாயின் கடைமடையான பேராவூரணிப் பக்கத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை: ஐப்பசி மழையில் வடிகால் அடைத்தால் வயல் என்னவாகும் என்று அவர்களுக்குத் தெரியும். ஏபிசி கெட்டால் பீட்டா கேட்டெனின் தேங்கி உட்கருவுக்குள் நுழைகிறது, பாலிப் முளைக்கிறது.

இதுவரை பரவல் இல்லை. ஸ்மாட்4 இழக்கப்பட்டால், வளர்ச்சியை நிறுத்தச் சொல்லும் டிஜிஎஃப் பீட்டா குறிப்பைப் புற்றணு சரிவரக் கேட்பதில்லை. படையெடுப்புக்கு உதவும் வெள்ளணுக்களையும் வேதிக்குறிப்புகளால் தன்பக்கம் ஈர்க்கிறது. பி53 இருக்கும்வரை, மரபுப்பொருள் சிதைந்த அணுவைப் பி21 என்னும் புரதத்தின் மூலம் நிறுத்தி வைக்கும், அல்லது சாகச் செய்யும். அதோடு மிர்-34 போன்ற நுண் ஆர்என்ஏக்களைத் தூண்டி, அணுக்களை ஒன்றோடொன்று பிணைக்கும் ஈ-கேதரின் குறையாமல் காக்கிறது. பி53 போனபின் அணு பிணைப்பை அறுத்துக்கொண்டு நகரத் தொடங்கும். பெருங்குடலின் இரத்தம் வாயிற்சிரை வழியே கல்லீரலுக்குச் செல்வதால், முதலில் பரவுவது பெரும்பாலும் அங்கேதான். தாழ்ந்த மலக்குடல் புற்று மட்டும் நேரே நுரையீரலை எட்டுவதுண்டு.

தமிழகத்தில்

1954இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் டி. ராஜ்குமார் குழுவினர், இந்திய நோயாளிகளிடம் எம்எஸ்எச்2, எம்எல்எச்1 பிறழ்வுகளை ஆராய்ந்து 2004இல் வெளியிட்டனர். டெல்டா மாவட்டத்தாருக்கு உள்ள அரசுப் பெருமருத்துவமனைகளுள் ஒன்று 1959இல் தொடங்கிய தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியினுடையது. மலத்தில் இரத்தம் கண்டால் பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருக்கும் ‘மூலம், பௌத்திரம்’ விளம்பரத்தை நம்பிப் போவோரும் உண்டு. கொலோனோஸ்கோபி என்னும் குடல் உள்நோக்கிச் சோதனை செய்யாமல் மூலம் என்று முடிவுகட்டுவது தவறு. இப்போது பெரிய ஆய்வகங்களில் திசுவுக்குச் சாயமேற்றி எம்எல்எச்1 முதலான நான்கு புரதங்கள் உள்ளனவா என்று பார்க்கிறார்கள். அவற்றுள் ஒன்றேனும் இல்லாமற்போனவருக்குப் பெம்ப்ரோலிசுமாப் போன்ற நோயெதிர்ப்பு மருந்து பலன் தரக்கூடும், விலை மிக அதிகம்.