வெளிநாட்டில் உழைக்கும் இந்தியரின் பிள்ளைகளும் கல்லூரி உதவித்தொகையும்

வெளிநாடுகளில் வேலை செய்யும் இந்தியரின் பிள்ளைகள் தாய்நாட்டுக் கல்லூரிகளில் படிப்பதற்கான தனி இடங்களும் உதவித்தொகைத் திட்டங்களும் பெரும்பாலும் 2001ஆம் ஆண்டுக்குப் பின் உருவானவை. அமெரிக்காவில் பணியாற்றும் மருத்துவரும் சவுதி அரேபியாவில் கட்டடம் கட்டும் கொத்தனாரும் 'வெளிநாடுவாழ் இந்தியர்' என்ற ஒரே பெயராலேயே குறிக்கப்படுகின்றனர். இவ்விருவரின் பிள்ளைகளுக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது என்பதைத் திட்டங்கள் படிப்படியாகவே ஏற்றுக்கொண்டன.

பின்னணி

1973இல் எண்ணெய் விலை உயர்ந்ததைத் தொடர்ந்து வளைகுடா நாடுகளில் கட்டுமானப் பணிகள் பெருகின. கேரளத்திலிருந்து பெருந்திரளாகவும், தமிழ்நாட்டில் இராமநாதபுரம், தஞ்சாவூர், திருச்சி, கன்னியாகுமரி முதலிய பகுதிகளிலிருந்தும் தொழிலாளர்கள் அங்கே சென்றனர். முன்பு மலேயாவுக்கும் இலங்கைக்கும் சென்ற தோட்டத் தொழிலாளர்களில் பலர் அங்கேயே நிலைத்துவிட்டனர். வளைகுடாவில் அது இயலவில்லை. அந்நாடுகள் அயல்நாட்டுத் தொழிலாளர்களுக்குப் பொதுவாகக் குடியுரிமை வழங்குவதில்லை. குடும்பம் அங்கே தங்குவதும் வேலை விசாவையே சார்ந்துள்ளது. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தை ஆக்கிரமித்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் விமானம் மூலம் தாயகம் அழைத்து வரப்பட்டனர். அவர்களது வாழ்வு எவ்வளவு நிலையற்றது என்பதை அந்நிகழ்வு உலகுக்குக் காட்டியது.

வளைகுடாவில் நடுவண் இடைநிலைக் கல்வி வாரியப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் இந்தியப் பள்ளிகள் பல உள்ளன. ஆனால் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் அங்கேயே கல்லூரியில் படிப்பது செலவு மிக்கது. எனவே பிள்ளைகளில் பலர் பட்டப்படிப்புக்கு இந்தியா திரும்புகின்றனர்.

குடும்பத்தை உடன் அழைத்துச் செல்வதற்கும் சம்பள வரம்பு உண்டு. எடுத்துக்காட்டாக, ஐக்கிய அரபு அமீரகத்தில் மாதம் 4000 திர்ஹாமோ, தங்குமிடத்துடன் 3000 திர்ஹாமோ பெறுபவரே மனைவி மக்களை அழைத்துக்கொள்ள முடியும். அதற்குக் குறைவாகச் சம்பாதிப்பவரின் பிள்ளைகள் ஊரிலேயே தாயுடனோ தாத்தா பாட்டியுடனோ வளர்கின்றனர். உதவித்தொகை வரலாற்றில் இப்பிள்ளைகளின் நிலை முக்கியமானது.

தனி இடங்களும் கட்டணமும்

2001-02 கல்வியாண்டில், வெளிநாட்டு மாணவர் நேரடிச் சேர்க்கைத் திட்டமான 'டாசா' தொடங்கியது. இதன்படி தேசியத் தொழில்நுட்பக் கழகங்கள் முதலியவற்றில் வழக்கமான இடங்களுக்கு மேல் 15 விழுக்காடு கூடுதல் இடங்கள் வெளிநாட்டிலிருந்து வருவோர்க்கு ஒதுக்கப்பட்டன. கட்டணம் டாலரில் வசூலிக்கப்பட்டது. அண்மைய ஆண்டுகளில் அது ஆண்டுக்கு 8000 டாலர். மாதச் சம்பளக்காரத் தொழிலாளிக்கு எட்டாத தொகை இது. ஆகவே, இக்கூடுதல் இடங்களில் மூன்றில் ஒரு பங்கு வளைகுடாவில் பணிபுரியும் இந்தியரின் பிள்ளைகளுக்கெனத் தனியே பிரிக்கப்பட்டது. இவ்விடங்களில் சேர்வோர் உள்நாட்டு மாணவருக்குரிய கல்விக் கட்டணத்தையே செலுத்துகின்றனர். உதவித்தொகை என்ற பெயர் இல்லாவிட்டாலும் நடைமுறையில் இது பெரிய உதவியாகும்.

தனியார் தொழிற்கல்லூரிகளின் நிலை வேறு. 2005 ஆகஸ்டில் இனாம்தார் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வெளிநாடுவாழ் இந்தியருக்கு அதிகபட்சம் 15 விழுக்காடு இடங்கள் ஒதுக்கலாம் என்றது. அவ்வாறு பெறும் கூடுதல் பணத்தை ஏழை மாணவரின் நலனுக்குச் செலவிட வேண்டும் என்றும் கூறியது. வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் வசதி படைத்தவர் என்ற எண்ணத்தின் மேல் இவ்வேற்பாடு அமைந்திருந்தது.

2006ஆம் ஆண்டுத் திட்டம்

எல். எம். சிங்வி தலைமையிலான உயர்நிலைக் குழு, புலம்பெயர்ந்த இந்தியர் பற்றிய தன் அறிக்கையை 2002 சனவரியில் அளித்தது. 2004இல் வெளிநாடுவாழ் இந்தியருக்கென ஓர் அமைச்சகம் ஏற்பட்டது. 2006-07 கல்வியாண்டில் 'புலம்பெயர்ந்தோர் பிள்ளைகளுக்கான உதவித்தொகைத் திட்டம்' அறிமுகமானது. வெளிநாடுவாழ் இந்தியரின் பிள்ளைகளும் இந்திய வம்சாவளியினரும் இந்தியாவில் இளநிலைப் பட்டம் பயில ஆண்டுக்கு 100 உதவித்தொகைகள் வழங்கப்பட்டன. படிப்புச் செலவில் 75 விழுக்காடு அல்லது ஆண்டுக்கு 4000 டாலர், இவற்றுள் எது குறைவோ அது அளிக்கப்பட்டது.

விண்ணப்பிப்பவர் 17 முதல் 21 வயதுக்குட்பட்டவராக இருக்க வேண்டும். தகுதித் தேர்வில் 60 விழுக்காடு மதிப்பெண் பெற்றிருக்க வேண்டும். குடும்ப வருமானத்துக்கும் வரம்பு உண்டு. பள்ளிக் கல்வியின் இறுதி ஆண்டுகளை வெளிநாட்டில் முடித்திருக்க வேண்டும் என்பது மற்றொரு விதி. தந்தையின் சம்பளம் போதாததால் ஊரிலேயே படித்த பிள்ளை இவ்விதியால் விலக்கப்பட்டது. உதவி அதிகம் தேவைப்பட்ட குடும்பமே வாசலில் நிற்க நேர்ந்தது.

2016ஆம் ஆண்டு மாற்றம்

2016இல் அந்த அமைச்சகம் வெளியுறவு அமைச்சகத்துடன் இணைக்கப்பட்டது. 2016-17 முதல் உதவித்தொகைகளின் எண்ணிக்கை 150 ஆக உயர்ந்தது. இவற்றுள் 50, குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் நாடுகளில் வேலை செய்யும் இந்தியத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு ஒதுக்கப்பட்டன.

இந்த 'அனுமதி' 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்திலிருந்து வந்தது. பத்தாம் வகுப்பு தேறாதவர் குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுமுன் அரசின் அனுமதி பெற வேண்டும். வளைகுடா நாடுகள் ஆறும் மலேசியாவும் இப்பட்டியலில் அடங்கும். படிப்புக் குறைந்த தொழிலாளர் ஏமாற்றப்படாமல் காக்கவே இவ்விதி ஏற்பட்டது. அதே பட்டியல், 33 ஆண்டுகளுக்குப் பின் அத்தொழிலாளரின் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பவும் பயன்பட்டது.

அந்த 50 இடங்களில் மூன்றில் ஒரு பங்கு இந்தியாவிலேயே படித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு எனவும் விதிக்கப்பட்டது. ஊரில் விடப்பட்ட பிள்ளையும் புலம்பெயர்ந்த குடும்பத்தின் பிள்ளையே என்பதை இத்திட்டம் ஏற்றது அப்போதுதான்.

தமிழ்நாடு

தமிழ்நாட்டில் 2011இல் வெளிநாடுவாழ் தமிழர் நலனுக்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. 2021 அக்டோபரில் நலவாரியம் அமைக்கும் அறிவிப்பு வெளியானது. குறைந்த வருவாய் ஈட்டும் தமிழர் அயல்நாட்டில் பணியின்போது இறக்க நேரிட்டால், அவரது பிள்ளைகளுக்குக் கல்வி உதவி வழங்கப்படும் என்பதும் அதில் ஒன்று. சனவரி 12 அயலகத் தமிழர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

மதிப்பீடு

வளைகுடா நாடுகளில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் வாழ்கின்றனர். அவர்களோடு ஒப்பிட்டால் 50 உதவித்தொகை என்பது மிகச் சிறிய எண். விண்ணப்பத்துக்குத் தந்தையின் வேலைச் சான்று, விசா நகல், வருமானச் சான்று ஆகியவை தேவைப்படுவதால், அவற்றை அவர் அங்கிருந்து அனுப்பினால்தான் ஊரிலுள்ள பிள்ளை விண்ணப்பிக்க முடியும். ஆகவே பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வரும்வரை காத்திராமல், பதினோராம் வகுப்பிலேயே இத்தகவல் தாய்க்கும் பிள்ளைக்கும் போய்ச் சேர வேண்டும். பள்ளிகள் இதில் முனைந்தால், இருக்கும் சில இடங்களாவது உரியவரைச் சென்றடையும்.