ம. கோ. இராமச்சந்திரனும் மதுரை வட்டாரமும்

ம. கோ. இராமச்சந்திரன் (எம். ஜி. ஆர், சனவரி 17, 1917 - திசம்பர் 24, 1987) தமிழ்த் திரைப்பட நடிகரும் அனைத்திந்திய அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்தின் நிறுவனரும் ஆவார். 1977 முதல் இறக்கும் வரை, 1980 இல் ஏற்பட்ட சில மாத இடைவெளி நீங்கலாக, தமிழக முதலமைச்சராக இருந்தார். தனிக்கட்சி தொடங்கிய பின் அவர் வென்ற அருப்புக்கோட்டை, மதுரை மேற்கு, ஆண்டிப்பட்டி ஆகிய மூன்று தொகுதிகளும் மதுரை நகரையும் அதனைச் சூழ்ந்த பகுதிகளையும் சார்ந்தவை.

இளமை

இலங்கையின் கண்டிப் பகுதியில் பிறந்தார். தந்தையை இளம் வயதிலேயே இழந்ததால் குடும்பம் வறுமையுற்றுக் கும்பகோணத்தில் குடியேறியது. பள்ளிப் படிப்பைத் தொடர இயலாமல் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி என்னும் நாடகக் குழுவில் சேர்ந்தார். முதல் திரைப்படம் சதி லீலாவதி (1936). மதுரை வீரன் (1956) பெரும் வெற்றி பெற்றது. அவர் நடித்து இறுதியாக வெளிவந்த படமும் மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன் (1978) என்பதே.

திண்டுக்கல் இடைத்தேர்தல்

1953 இல் தி.மு.க.வில் சேர்ந்த இராமச்சந்திரன், 1967, 1971 தேர்தல்களில் சென்னையை அடுத்த பரங்கிமலையில் வென்றார். கட்சியின் கணக்குகளைப் பொதுமேடையில் கேட்டதையடுத்து 1972 அக்டோபரில் நீக்கப்பட்டு, அதே மாதம் அ.தி.மு.க.வைத் தொடங்கினார். நடிகரின் கட்சி நிலைக்காது என்று கருதியவர் பலர். அன்று மதுரை மாவட்டத்தில் இருந்த திண்டுக்கல் மக்களவைத் தொகுதியில் 1973 மே மாதம் நடந்த இடைத்தேர்தல் இக்கருத்தைப் பொய்யாக்கியது. இரட்டை இலைச் சின்னத்தில் நின்ற கி. மாயத்தேவர் வென்றார், ஆளுங்கட்சியான தி.மு.க. மூன்றாம் இடத்துக்குச் சென்றது.

பதவி நீக்கமும் மீட்சியும்

1979 இல் பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீட்டுக்கு ஆண்டு வருமானம் 9,000 ரூபாய் என வரம்பு விதித்தது அவருடைய ஆட்சியின் பெரும் பிழையாக முடிந்தது. 1980 சனவரி மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க. 2 இடங்களே பெற்றது. உடனே வரம்பை நீக்கியதுடன் ஒதுக்கீட்டை 31 இலிருந்து 50 விழுக்காடாகவும் உயர்த்தினார். எனினும் பிப்ரவரியில் நடுவண் அரசு அவருடைய ஆட்சியைக் கலைத்தது. மே மாதத் தேர்தலில் மதுரை மேற்கில் போட்டியிட்டு வென்றார். கட்சி 129 இடங்களைப் பெற்றது. ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு 1981 சனவரியில் மதுரையிலேயே நடைபெற்றது.

திட்டங்களும் திறனாய்வும்

1982 சூலை 1 அன்று சத்துணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. காமராசர் காலத்து மதிய உணவுத் திட்டத்தின் விரிவாக்கமே இது என்றாலும், பள்ளி செல்லாச் சிறு குழந்தைகளையும் உட்படுத்தியதே இதன் புதுமை. நிதிச்சுமை குறித்து எழுந்த எதிர்ப்புகளை அவர் பொருட்படுத்தவில்லை. சில குடும்பங்களிடமே பெரும்பாலும் தங்கியிருந்த கர்ணம், மணியக்காரர் பதவிகளை 1980 நவம்பரில் ஒழித்தது அதிகம் பேசப்படாத, ஆனால் கிராம அதிகார அமைப்பை மாற்றிய நடவடிக்கையாகும்.

மறுபுறம், 1981 இல் மதுவிலக்கைத் தளர்த்தியதால் சாராய வருவாய் அரசின் முக்கிய வரவாயிற்று. அதைச் செலுத்தியோரில் பெரும்பாலோர் ஏழைகளே. ஏழைகளின் ஆதரவால் நிலைத்த ஆட்சி வசதி படைத்தோருக்கே கூடுதல் பயனளித்தது என ஆய்வாளர் எம். எஸ். எஸ். பாண்டியன் 1992 இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார்.

இறுதி ஆண்டுகள்

1984 அக்டோபரில் நோயுற்று அமெரிக்காவின் புரூக்ளின் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். திசம்பர் தேர்தலில் தொகுதிக்கு வராமலேயே ஆண்டிப்பட்டியில் (தற்போது தேனி மாவட்டம்) வென்றார். மருத்துவமனையில் எடுக்கப்பட்ட அவருடைய காணொளி ஊர்தோறும் திரையிடப்பட்டது. 1987 திசம்பர் 24 அன்று சென்னையில் காலமானார். 1988 இல் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. மதுரை மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது.