ஆனையிறவில் மாரிப் பறவைகள்

ஆனையிறவு என்றதும் நம்மவருள் முதியோர்க்கு உப்பு நினைவுக்கு வரும். மற்றையோர்க்குப் போர் நினைவுக்கு வரும். பெயரோ இவ்விரண்டுக்கும் முற்பட்டது. வன்னிக் காடுகளிற் பிடிக்கப்பட்ட யானைகள் ஆழமற்ற இக்களப்பைக் கடந்தே குடாநாட்டிற்குக் கொண்டுசெல்லப்பட்டன, அங்கிருந்து கப்பலேறின. ஒல்லாந்தர் இவ்விடத்திலும் இயக்கச்சியிலும் வெற்றிலைக்கேணியிலும் சிறு கோட்டைகளை அமைத்துப் போவார் வருவாரைக் காவல் செய்தனர். யானை வாணிகமும் போயிற்று, ஒல்லாந்தரும் போயினர். ஆனால் அவர்களுக்கு மிக முன்னரேயே, சுங்கமும் செலுத்தாது காவலரையும் கேளாது இங்கு வந்துபோன கூட்டமொன்று இன்றும் ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கின்றது. அதன் வரலாற்றைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன்.

சோளகம் ஓய்ந்து வாடைக்காற்று எழும் காலத்தில், வட ஆசியாவின் பனிவெளிகளிலிருந்து உள்ளான்களும் மூக்கான்களும் ஊசிவால் வாத்துகளும் ஆலாக்களும் இக்களப்பை வந்தடைகின்றன. பூநாரைகள் சேற்றுநீரில் நின்று, தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகால் நீரை வடிகட்டி நுண்ணிய உயிர்களை உண்கின்றன. இவற்றோடு நெற்றி வெளுத்த சிறு பறவையொன்று கரையோரம் ஓடி ஓடி நிற்கும். அதற்கு உப்புக்கொத்தி என்று பெயர். ஏட்டைப் புரட்டி வைத்த பெயராக இது தோன்றவில்லை. உப்பள வரம்பில் நின்று பார்த்தவன் வைத்த பெயராகவே தோன்றுகின்றது. எனினும் அது உப்பைக் கொத்துவதில்லை. சேற்றிலுள்ள புழுவையும் பூச்சியையுமே கொத்துகின்றது.

பறவைகள் பருவந்தோறும் திசை மாறிச் செல்கின்றன என்பதைத் தமிழர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். சத்திமுற்றப் புலவர் தம் வறுமையை மனைவிக்குச் சொல்லி வருமாறு நாரையொன்றைத் தூது விடுத்தது யாவரும் அறிந்ததே. தெற்கே வந்த நாரை வடக்கே மீளும் என்னும் அறிவு இல்லாவிடின் அப்பாட்டே பிறந்திராது. ஐரோப்பாவிலோ, குளிர்காலத்தில் காணாமற்போகும் குருவிகள் குளத்துச் சேற்றினுள் உறங்குகின்றன என்று கற்றோரும் நம்பிய காலம் இருந்தது. 1822இல் ஜெர்மனியில் ஆபிரிக்க ஈட்டியொன்று கழுத்தில் தைத்தபடி வந்திறங்கிய நாரையே பலருடைய ஐயத்தைப் போக்கிற்று. 1899இல் டென்மார்க் நாட்டு ஆசிரியர் மோர்ட்டென்சென் பறவைகளின் காலில் எண்ணிட்ட அலுமினிய வளையத்தை மாட்டத் தொடங்கியபின், இவ்வறிவு ஓர் ஆராய்ச்சித் துறையாயிற்று.

இலங்கைப் பறவைகளைப் பற்றி லேயார்ட் 1850களில் எழுதினார். லெக் 1880இல் பெருநூலொன்றை முடித்தார். 1925இல் வெயிட், 1955இல் ஹென்றி என நூல்கள் தொடர்ந்தன. அக்கால ஆய்வாளர் பலர் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தியே பறவையை அடையாளங் கண்டனர் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். 1943இல் இலங்கைப் பறவைக் கழகம் தோன்றியது. தொலைநோக்கியும் குறிப்பேடும் சிறிது சிறிதாகத் துப்பாக்கியின் இடத்தைப் பிடித்தன.

களப்பின் கதையில் 1930களின் பிற்பகுதி சிறப்பானது. அக்காலத்திலேயே ஆனையிறவு உப்பளம் எழுந்தது. அதே காலத்தில், 1938இல், கிழக்கே சுண்டிக்குளம் பறவைகளின் சரணாலயமாக்கப்பட்டது. உப்பும் பறவையும் ஒன்றுக்கொன்று பகையாகவில்லை. பாத்திகளில் நீர் ஆழங்குறைந்து நின்றதனால் கால் நீண்ட பறவைகளுக்கு அவை மேய்ச்சல் நிலமாயின. பின்னர் 1954இல் பொறியியலாளர் ஆறுமுகம், கனகராயன் ஆற்று நீர் கடலிற் கலப்பதைத் தடுத்து, இக்களப்பை நன்னீரேரியாக்கிக் குடாநாட்டிற்கு நீர் வழங்கும் திட்டத்தை வகுத்தார். அணை கட்டப்பட்டு வெள்ளத்தில் உடைந்தது, திட்டம் நிறைவேறவில்லை. உவர்க்கிணற்றோடு வாழும் மக்களுக்கு அத்திட்டம் எத்துணை இன்றியமையாதது என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் உவர்நீர் நன்னீரானால் இங்கு மேயும் பறவைக் கூட்டமும் மாறும் என்பதை அத்திட்டத்தை மீண்டும் எடுப்போர் கணக்கில் வைத்தல் வேண்டும்.

பின்னர் போர் வந்தது. 1991இலும் 2000இலும் 2009இலும் இந்நிலத்தில் நிகழ்ந்தவற்றை ஈண்டு விரித்துரைப்பது தேவையன்று. உப்பளம் மூடப்பட்டது, நிலத்தில் கண்ணிவெடிகள் விதைக்கப்பட்டன. பறவைகளை எண்ணுவோர் நடமாடக்கூடிய இடமாக அது இருக்கவில்லை. பறவைகள் வந்தனவா, எத்தனை வந்தன, எத்தனை மாண்டன என்பவற்றுக்கு அவ்வாண்டுகளின் பெரும்பகுதியில் தொடர்ச்சியான ஏடு இல்லை. ஒரு தலைமுறைக் காலத்துக் கணக்கு நமக்குக் கிடைக்காமற் போயிற்று. 2015இல் சுண்டிக்குளம் தேசிய பூங்காவாக உயர்த்தப்பட்டது.

கணக்கெடுப்பதனால் என்ன பயன் என்று சிலர் கேட்கக்கூடும். 1900ஆம் ஆண்டு நத்தார்த் திருநாளில், வட அமெரிக்காவில் பறவைகளைச் சுடும் போட்டிக்கு மாற்றாக, 27 பேர் பறவைகளை எண்ணினர். அவ்வழக்கம் பெருகி இன்றும் நடைபெறுகின்றது. ஐரோப்பாவில் 1967 முதலும் ஆசியாவில் 1987 முதலும் சனவரி மாதத்தில் நீர்ப்பறவைகளை எண்ணுகின்றனர். இலங்கையில் அப்பணியைப் பறவைக் கழகம் ஒருங்கிணைக்கின்றது. சனவரியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. வந்த பறவை தங்கிவிட்டது; திரும்பும் பறவை இன்னும் புறப்படவில்லை. ஆகவே ஒன்றையே இருமுறை எண்ணும் இடர் குறைவு.

எண்ணிக்கையினும் பெரிய பயன் நோயறிதலில் உண்டு. 1957இல் கன்னட நாட்டுக் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் மாண்டன. மனிதரும் காய்ச்சலால் இறந்தனர். அந்நோயின் நச்சுயிரி ரஷ்யாவில் அறியப்பட்ட ஒன்றை ஒத்திருந்ததால், வடக்கிருந்து வரும் பறவைகள் உண்ணிகளைச் சுமந்து வந்தனவோ என்ற ஐயம் எழுந்தது. அதனை ஆராயவே உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு, சலீம் அலியின் வழிகாட்டலில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1959இல் வளையமிடும் பணியைத் தொடங்கிற்று. பாக்கு நீரிணைக்கு அப்பாலுள்ள கோடியக்கரையிலும் அப்பணி பல்லாண்டுகள் நடந்தது. குற்றஞ்சாட்டப்பட்ட பறவைகள்மீது குற்றம் நிறுவப்படவில்லை. ஆனால் அவை எங்கிருந்து வந்து எங்குச் செல்கின்றன என்பதை உலகம் அறிந்துகொண்டது. அண்மையில், 2021இல், மன்னாரில் கருவி பொருத்தப்பட்ட கடற்காகங்கள் ரஷ்யாவின் வடமுனைக் கரைவரை சென்றதைக் கொழும்புப் பல்கலைக்கழகத்தார் செய்மதி வழியே கண்டனர்.

பறவைகளே நோய்க்கு இரையாவதும் உண்டு. 2005இல் சீனத்தின் சிங்ஹாய் ஏரியில் பறவைக் காய்ச்சல் ஆயிரக்கணக்கான வரித்தலை வாத்துகளைக் கொன்றது. ஆனையிறவுக்கு நெருங்கிய பாடம் வேறொன்று. இராசத்தானத்துச் சாம்பர் ஏரியும் உப்பு விளையும் ஏரியே. நல்ல மழை பெய்த 2019ஆம் ஆண்டின் நவம்பரில் அங்கு 18,000க்கும் மேற்பட்ட பறவைகள் மாண்டன. பொட்டுலிசம் என்னும் நச்சுநோயே காரணம் எனப் பின்னர் கண்டனர். உயிர்வளியற்ற சேற்றில் பெருகும் ஒரு கிருமி நஞ்சை உண்டாக்குகின்றது. அந்நஞ்சை உட்கொண்ட பறவைக்குச் சிறகும் காலும் தளர்ந்து கழுத்துத் தொய்கின்றது. அது தலையை நிமிர்த்த மாட்டாது நீரில் மூழ்கி இறக்கின்றது. பிணத்தில் மொய்க்கும் புழுக்களில் நஞ்சு சேர்கின்றது. அப்புழுக்களைத் தின்னும் பறவையும் சாகின்றது. இவ்வாறு ஒரு பிணம் பல பிணங்களுக்கு வித்தாகின்றது. நோய்ப்பட்ட ஏரியில் செய்யக்கூடிய முதற்காரியம் பிணங்களை விரைந்து அகற்றுவதே. விரைவு வேண்டுமாயின் முதலில் யாரேனும் காணவேண்டும்.

சேற்றில் சாய்ந்துகிடக்கும் ஐந்து வாத்துகளைக் கண்டி வீதியிற் பேருந்தில் விரைபவர் காணமாட்டார். இறால் வலை இழுப்பவரும் உப்பளத் தொழிலாளரும் தொலைநோக்கியோடு வரும் மாணவருமே காண்பர். அத்தகையோர் பறவையை வெறுங்கையாற் தொடாதிருத்தல் வேண்டும். வீட்டுக் கோழிகளிடத்தும் கொண்டுசெல்லலாகாது. நாள், இடம், இனம், எண்ணிக்கை ஆகிய நான்கையும் குறித்துக்கொண்டு, வனசீவராசிகள் திணைக்களத்தின் அலுவலகத்துக்கோ அரசாங்க மிருக வைத்தியருக்கோ அன்றே அறிவித்தல் நலம். இனப்பெயர் தெரியாவிடின் ஊரில் வழங்கும் பெயரே போதும்.

சித்திரைக்குள் பெரும்பாலான பறவைகள் வடக்கே புறப்பட்டுவிடும். முட்டையிடும் வயதை எட்டாத இளம் உள்ளான்கள் சில மட்டும், கோடை வெயிலிற் களப்பு வற்றி வெண்மணலாய்க் கிடக்கும்போதும், எஞ்சிய குட்டைகளின் ஓரத்தில் மேய்ந்துகொண்டிருக்கும். சனவரிக் கணக்கு முடிந்து நெடுநாள் ஆனபின்னரும் சிலர் குறிப்பேட்டோடு அங்குச் செல்வது அவற்றின் பொருட்டே.