முதியோர் இல்லங்களில் கைச் சுத்தம்: பராமரிப்பாளர்கள் அறிய வேண்டியவை

முதியோர் இல்லத்தில் ஒரு பராமரிப்பாளர் காலையில் ஒருவரைக் குளிப்பாட்டுகிறார், அடுத்தவருக்கு டயப்பர் மாற்றுகிறார், மூன்றாமவருக்குக் கஞ்சி ஊட்டுகிறார். இடையில் கை கழுவாவிட்டால் ஒருவரிடமுள்ள கிருமி மற்றவருக்கும் போய்ச் சேரும். வயதானவர்களுக்கு நோய் எதிர்ப்பு சக்தி குறைவு. நீரிழிவு, படுக்கைப் புண், சிறுநீர்க் குழாய் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். நமக்கு இரண்டு நாளில் சரியாகும் வயிற்றுப்போக்கு, அவர்களின் உயிருக்கே உலை வைக்கலாம்.

எப்போது சுத்தம் செய்வது?

உலகச் சுகாதார நிறுவனம் ஐந்து தருணங்களைக் குறிப்பிடுகிறது:

1. முதியவரைத் தொடுவதற்கு முன்
2. புண்ணுக்கு மருந்திடுதல், குழாய்களைக் கையாளுதல் போன்ற சுத்தமான வேலைகளுக்கு முன்
3. மலம், சிறுநீர், சளி, இரத்தம் பட்டிருக்கக்கூடிய வேலைக்குப் பின்
4. முதியவரைத் தொட்ட பின்
5. அவருடைய கட்டில், மேசை, சக்கர நாற்காலியைத் தொட்ட பின்

எப்படிச் செய்வது?

கையில் அழுக்கு தெரியாவிட்டால் ஆல்கஹால் கலந்த கிருமிநாசினியை 20 முதல் 30 வினாடி தேய்த்தால் போதும். அழுக்கு தெரிந்தால் சவர்க்காரமும் தண்ணீரும் தேவை. மொத்தம் 40 முதல் 60 வினாடி ஆகும். கட்டைவிரல், விரல் இடுக்கு, நகநுனி ஆகியவையே பெரும்பாலும் விடுபடும் இடங்கள். இல்லத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு பரவினால் சவர்க்காரமே நல்லது. நோரோவைரஸ் போன்ற கிருமிகளிடம் ஆல்கஹால் அவ்வளவாகப் பலிக்காது.

கையுறை போட்டால் கை கழுவத் தேவையில்லை என்பது தவறு. ஒருவருக்குப் போட்ட கையுறையோடு அடுத்தவரைத் தொடக்கூடாது. கழற்றிய பிறகும் கையைச் சுத்தம் செய்ய வேண்டும். மோதிரம், கைக்கடிகாரம், மணிக்கட்டில் கட்டிய கயிறு ஆகியவற்றிலும் கிருமி தங்கும்.

நிர்வாகம் என்ன செய்யலாம்?

கை கழுவாததற்கு அலட்சியம் மட்டுமே காரணமன்று. ஆள் பற்றாக்குறை, தூரத்தில் இருக்கும் குழாய், அடிக்கடி கழுவி வெடித்த தோல் ஆகியவையும் காரணம். கிருமிநாசினி கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். மறதி நோயுள்ளவர்கள் அதைக் குடித்துவிடக்கூடும் என்பதால், அங்கே ஊழியர்கள் சட்டைப்பையில் சிறு போத்தலாக வைத்துக்கொள்ளலாம். தோலுக்குக் களிம்பு கொடுங்கள். வெளிநாட்டு ஊழியர்களுக்குப் புரியும் மொழியில் சுவரொட்டி ஒட்டுங்கள். மேற்பார்வையாளர் முதலில் கழுவினால் மற்றவர்களும் கழுவுவார்கள்.

குடும்பத்தாருக்கு

பார்க்கப் போகும்போதும் திரும்பும்போதும் கையைச் சுத்தம் செய்யுங்கள். அம்மாவோ அப்பாவோ கையால் சாப்பிடுபவராக இருந்தால், சாப்பாட்டுக்கு முன் அவர் கையையும் கழுவிவிடுமாறு ஊழியரிடம் சொல்லுங்கள். கேட்பதில் தயக்கம் வேண்டாம்.